திரைச்சீலை சுத்தம் செய்யும் தொழில்: மெஷின் வாங்குவதற்கு முன்னால்

புரட்டாசி பிறக்கப் போகிறது என்றால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழர் வீடுகளில் ஏணி வெளியே வந்துவிடும். முதலில் பாத்திரம், அப்புறம் சாமி விளக்கு, கடைசியில் திரைச்சீலை. அந்தக் கடைசி வேலையைத்தான் யாருக்கும் பிடிக்காது. அதனால்தான் நமக்குத் தொழில் ஓடுகிறது. இதில் இறங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்த மெஷின் வாங்கலாம்?" என்பதுதான். என்ன துணி, என்ன அழுக்கு என்று பார்க்கத் தெரியாமல் மெஷின் வாங்காதீர்கள். நான் வாங்கினேன். ஆறு மாதம் கராஜில் பல்லி குடியிருந்தது.

முதல் வேலை: துணி என்ன என்று பார்ப்பது

ஓரத்தில் லேபிள் இருந்தால் நல்லது. தொட்டிப் படத்தின் மேல் குறுக்குக் கோடு இருந்தால் தண்ணீரே ஆகாது. வட்டத்துக்குள் எழுத்து இருந்தால் அது டிரை கிளீனிங் கடைக்கான குறிப்பு. தையல்காரரிடம் தைத்த திரையில் லேபிள் இருக்காது. கீழ் ஓரத்தின் உள்மடிப்பிலிருந்து ஒரே ஒரு நூலை உருவி, சிங்க்கில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிந்த வாசனையும் பொடிச் சாம்பலும் வந்தால் பருத்தி அல்லது லினன். உருகிக் கெட்டியான மணி போல உறைந்தால் பாலியஸ்டர். முடி கருகிய நாற்றம் வந்தால் பட்டு. இதில் ஒரு கண்ணி இருக்கிறது: விஸ்கோஸும் (மரக்கூழில் செய்யும் செயற்கைப் பட்டு) பருத்தி போலவே எரியும், ஆனால் நனைந்தால் வலுவிழந்துவிடும். பளபளப்பும் வழுவழுப்பும் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

அடுத்து சாயம். வெள்ளைத் துணியை நனைத்து, உள்மடிப்பில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நிறம் ஒட்டினால் தண்ணீர் வேலை வேண்டாம். பின்பக்க லைனிங்கையும் தனியாகச் சோதியுங்கள்.

இந்தியாவிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு ஒரு விஷயம் குழப்பும். இங்கே அதிக வெயில் வாங்குவது வடக்குப் பார்த்த ஜன்னல். அந்த ஜன்னலில் பல வருடம் தொங்கிய லைனிங்கை இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவில் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். காகிதம் போலக் கிழிந்தால், அலசினால் கந்தலாகத்தான் திரும்பி வரும். வீட்டுக்காரரிடம் காட்டிவிட்டு, வேலையை ஒத்துக்கொள்ளாமல் வந்துவிடுங்கள்.

அளவு எடுக்காமல் தொடாதீர்கள்

பருத்தி 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கலாம். கடைகளில் கிடைக்கும் 218 சென்டிமீட்டர் இறக்கத்துக்கு 4 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 9 சென்டிமீட்டர். என் முதல் வருடத்தில் சாட்ஸ்வர்த்தில் ஒரு ஆன்ட்டி வீட்டில் அளக்காமல் சுடுதண்ணீரில் போட்டுவிட்டேன். மாட்டிப் பார்த்துவிட்டு அவர், "என்ன தம்பி, என் கர்ட்டனுக்கு முக்கால் பேன்ட் மாட்டிவிட்டிருக்கியே" என்றார். கூலி வாங்கவில்லை. ஓரத் தையலைப் பிரித்து இறக்கிக் கொடுத்தேன். பழைய மடிப்பின் கோடு இன்னும் தெரிகிறது. இப்போதெல்லாம் கழற்றும் முன்பே இறக்கத்தை மூன்று இடத்தில் அளந்து, போட்டோ எடுத்து, வேலைச் சீட்டில் எழுதி, கையெழுத்தும் வாங்கிவிடுகிறேன்.

அழுக்குக்கு ஏற்ற முறை

டர்பனுக்கு வடக்கே வெருலம், டோங்காட் பக்கம் வேலைக்குப் போனால் கரும்புக் கரிதான் முதல் எதிரி. வெட்டுவதற்கு முன் தோகையைக் கொளுத்துவார்கள். கறுப்புத் துணுக்குகள் காற்றில் மிதந்து ஜன்னல் வழியாக வரும். 1860ல் நம் முன்னோர் கப்பலேறி வந்ததே இந்தக் கரும்புக்காகத்தான், அதன் கரி இன்னும் நம் கர்ட்டனை விடவில்லை. இதில் முதலில் தண்ணீர் பட்டால் மை கொட்டினது போலாகிவிடும். தூரிகை முனை மாட்டிய வேக்குவத்தில் உறிஞ்சும் வேகத்தைக் குறைத்து, துணியில் அழுத்தாமல், மேலிருந்து கீழாக ஓட்டுங்கள். மிச்சத்துக்குக் கரி எடுக்கும் உலர் ரப்பர் ஸ்பாஞ்ச் கிடைக்கிறது. ஒரே திசையில் இழுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. பரப்பு கறுத்ததும் கத்தியால் ஒரு பத்தை சீவிவிட்டுத் தொடருங்கள். சாமி அறைத் திரையில் படிந்த கற்பூரப் புகைக்கும் இதேதான்.

கடற்கரையோர ஃப்ளாட்டுகளில் உப்பு. உப்பு ஈரத்தை இழுப்பதால் திரை எப்போதும் பிசுபிசுக்கும். நனையக்கூடிய துணி என்றால் வெறும் தண்ணீரில் நன்றாக அலசினாலே போதும்.

சாதாரண பாலியஸ்டர், வலைத் திரை எல்லாம் கழற்றி, கொக்கிகளை எடுத்து, மேல்பட்டைக் கயிற்றைத் தளர்த்தி, 30 டிகிரியில், குறைந்த சுழற்சியில் மெஷினில் போடலாம். மேல்பட்டைக்குள் பக்ரம் (விறைப்பாக நிற்க வைக்கும் துணி) வைத்திருந்தால் நனைக்காதீர்கள், தளர்ந்து தொங்கிவிடும். பெரிய கனமான திரைகளைத் தொங்கியபடியே ஸ்ப்ரே செய்து உறிஞ்சலாம். பின்னால் பிளாஸ்டிக் விரிப்பு, அழுத்தம் 100 பிஎஸ்ஐக்குள். பட்டும் வெல்வெட்டும் டிரை கிளீனரிடம் போகட்டும், கரைப்பான் வேலையை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். வெளிச்சம் மறைக்கும் பூச்சுத் திரையை முறுக்கினால் பூச்சு வெடிக்கும். ஈரத் துணியால் துடைத்தால் போதும். ஹோட்டல் வேலை வந்தால், தீத்தடுப்பு மருந்து அடித்த துணியா என்று முதலில் கேளுங்கள். சில வகை மருந்து தண்ணீரில் போய்விடும்.

ஆரம்பத்தில் வாங்க வேண்டியது: வேகம் குறைக்க முடிகிற வேக்குவம், உறுதியான ஏணி, கரி ஸ்பாஞ்ச், வெள்ளைத் துணிகள், ஒரு கை ஸ்டீமர், ஸ்ப்ரே செய்து உறிஞ்சும் சிறிய மெஷின் ஒன்று. ஸ்டீமர் கசங்கலைத்தான் எடுக்கும், அழுக்கை அல்ல. பெரிய மெஷினைப் பற்றி ஒரு வருடம் கழித்து யோசியுங்கள்.

உலர்த்துவது

லேசான ஈரத்தோடு திரும்பக் கம்பியில் மாட்டி, மடிப்புகளை விரலால் நீவிவிட்டால் துணியின் எடையே சுருக்கத்தை இழுத்துவிடும். டர்பனின் டிசம்பர் புழுக்கத்தில் ஃபேன் இல்லாமல் விட்டால் லைனிங்கில் கரும்புள்ளி பூஞ்சணம் வரும். வெள்ளைப் பருத்தி லைனிங்கானால் சோடியம் பெர்கார்பனேட்டை (குளோரின் இல்லாத ப்ளீச் தூள்) 40 டிகிரி தண்ணீரில் கரைத்து ஊறவைத்துப் பார்க்கலாம். குளோரின் ப்ளீச்சோடு வினிகரைச் சேர்த்துவிடாதீர்கள், விஷ வாயு வரும். புள்ளி முழுதாகப் போகாமலும் இருக்கலாம். அதைத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள், பிறகு சொன்னால் சாக்குப் போலத்தான் கேட்கும்.

கிளம்பும்முன் கொக்கிகளை எண்ணுங்கள். நான் ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனிப் பையில் போட்டு, "ஹால் இடது, 22" என்று எழுதி வைக்கிறேன். ஒன்று குறைந்தாலும் அந்த இடத்தில் திரை தொய்ந்து நிற்கும், ஆன்ட்டியின் கண் நேராக அங்கேதான் போகும்.