‘ஜேம்ஸ்’ நாவலை வாய்விட்டுப் படிப்பது எப்படி

பெர்சிவல் எவரெட்டின் ‘ஜேம்ஸ்’ நாவலை ஆசையாக வாங்கி, ஆங்கிலம் கரடுமுரடாக இருக்கிறதே என்று மூடி வைத்தவர்களுக்காக எழுதுகிறேன். குடியாத்தம்–காட்பாடி பாசஞ்சரில் போய்வந்தே நான் முடித்துவிட்டேன்.

கதைப் பின்னணி இரண்டு வரிதான். மார்க் ட்வைனின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’னில், சிறுவன் ஹக்கோடு மிசிசிப்பி ஆற்றில் தெப்பமேறித் தப்பிப்போகும் அடிமை ஜிம். அதே கதையை ஜிம்மே சொல்கிறான். 2024இல் வந்தது, அடுத்த ஆண்டு அமெரிக்காவின் புலிட்சர் பரிசு வாங்கியது. எழுதுமுன் எவரெட் ட்வைனை 15 முறை படித்தாராம். நாம் ஒரு முறைகூடப் படித்திருக்க வேண்டியதில்லை.

புரியாத வரிகளை வாய்விட்டுப் படியுங்கள். ஜிம்மின் கொச்சையைக் காதில் கேட்கிறபடியே எழுத்தில் போட்டிருக்கிறார்: ‘தட்’ (that) அங்கே ‘டட்’ (dat), ‘தே’ (they) அங்கே ‘டே’ (dey). காதில் விழுந்தால் தானே புரியும். (லத்தேரி வரை எதிர் சீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். பரவாயில்லை.)

அப்புறம், வெள்ளைக்காரர்கள் முன்னால் எப்படிப் பேசுவது என்று ஜிம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் இடம். இதை இரண்டு முறை படியுங்கள். ஒரு வெள்ளைக்கார அம்மாவின் அடுப்படியில் தீப்பிடித்தால் எப்படிச் சொல்வது? ‘தீ’ என்று நேராகக் கத்தக் கூடாது. பதறிக் கூப்பிட வேண்டும், தீ என்பதை அந்தம்மாவே கண்டுபிடித்ததாக இருக்க வேண்டும். நமக்கு முன்னால் அவர்களுக்குத் தெரிந்தால்தான் நமக்குப் பாதுகாப்பு.

நான் சறுக்கியது இங்கேதான். எங்கள் ஆயா, “இன்னாடா, துன்னியா? கொழம்பு அங்க கீது பாரு” என்று சொல்லும். ஜிம்மின் கொச்சையை அந்தப் பேச்சில் போட்டு மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஒட்டவில்லை. ‘கீது’ எங்கள் வீட்டுப் பேச்சு. வேலூரில் ஒரு இன்டர்வியூவில் அது வாய்தவறி வந்தபோது மேஜைக்கு அந்தப் பக்கம் சிரித்தார்கள், அன்றிலிருந்து வெளியே ‘இருக்கு சார்’தான். ஜிம்முக்கோ எல்லாம் தலைகீழ். குடிசைக்குள் பேசுவது திருத்தமான ஆங்கிலம், வெள்ளைக்காரன் முன்னால் பேசும் கொச்சைதான் வேஷம்.

அதனால் கையில் பென்சில் வைத்துக்கொண்டு, பேச்சு மாறும் இடங்களில் எல்லாம் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். பாம்பு கடித்த ஜுரத்தில் ஜிம் பிரெஞ்சுத் தத்துவவாதி வால்டேரோடு கனவில் வாதம் செய்வான், பக்கத்தில் ஹக் இருப்பான். அங்கே மெதுவாகப் போங்கள்.

முடித்ததும் எவரெட்டின் இன்னொரு நாவல், 2001இல் வந்த ‘எரேஷர்’. கறுப்பர் எழுத்து மாதிரி இல்லை என்று ஒதுக்கப்படும் எழுத்தாளர், கடுப்பில் தெருப்பேச்சில் கிண்டலாக ஒன்று எழுத, அது விற்றுத் தள்ளும். அதை ரயிலில் படிக்காதீர்கள், சிரிப்பை அடக்க முடியாது.