கன்னத்தில் கத்தி வைக்கும் முன் முகத்தமனியைக் குறிப்பது எப்படி?

புகையிலை அடக்கி அடக்கிக் கன்னத்தில் புற்று வந்தவரும், ஏற்காடு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் பைக்கோடு சரிந்து கன்னம் கிழிந்தவரும் சேலத்து ஆபரேஷன் தியேட்டருக்குத்தான் வருகிறார்கள். இருவரிடமும், முகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் முகத்தமனியின் பாடப்புத்தகப் படத்தை நம்பிக் கத்தி எடுக்காதீர்கள். ஒரே முகத்தில் வலமும் இடமும்கூடப் பல சமயம் ஒத்துப்போகாது.

பல்லை இறுகக் கடிக்கச் சொல்லுங்கள். தாடையோரம் புடைக்கும் மாசெட்டர் தசையின் முன்விளிம்பில் தமனியின் துடிப்பு கிடைக்கும். சிரை அதற்குச் சற்றுப் பின்னால். அங்கிருந்து 8 மெகாஹெர்ட்ஸ் கையடக்க டாப்ளரால் (ரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கவைக்கும் கருவி) மேலே போங்கள். ஜெல் தாராளமாக, முனை சுமார் 45 டிகிரி சாய்வாக, கை லேசாக. அழுத்தினால் தமனி நசுங்கி ஒலி நிற்கும். இருக்கிற தமனியை இல்லை என்று எழுதிவைப்போம். விட்டுவிட்டுச் சாட்டை வீசுவதுபோல் கேட்டால் தமனி, காற்றுபோல் இரைந்தால் சிரை. சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வையுங்கள்.

வாயோரத்திலிருந்து சுமார் 1.5 செ.மீ. தள்ளி ஏறும்வரை பெரிய குழப்பமில்லை. அதற்கு மேல்தான் ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்குக் கண்ணின் உள்மூலை வரை போகும். சிலருக்கு மூக்கு மடலில், சிலருக்கு மேலுதட்டிலேயே முடிந்துவிடும். அரிதாகக் கீழுதட்டோடு நின்று, மீதியைக் குறுக்கு முகத்தமனி பார்த்துக்கொள்ளும். மேலுதட்டில் முடிகிற தமனியை நம்பி, மேலே அடி வைத்த ஃபிளாப் (குறையை மூட, கன்னத்தின் உள்பக்கத்திலிருந்து தமனியோடு சேர்த்து எடுத்துத் திருப்பும் திசுத்துண்டு; உடலோடு ஒட்டியிருக்கும் பக்கம் அடி) எடுத்தால் நுனி கறுத்துவிடும். தாடையில் தமனியை விரலால் அடைத்து, மூக்கோரம் கேளுங்கள். ஒலி நீடித்தால் மேலிருந்து ரத்தம் திரும்பி வருகிறது. முன்பே கழுத்து நிணநீர்க் கட்டிகள் எடுத்தவரானால் தமனி கட்டப்பட்டதா என்று பழைய ஆபரேஷன் குறிப்பைப் பாருங்கள். கட்டியிருந்தால் கீழே அடி வைத்த ஃபிளாப் வேண்டாம்.

வாயைத் திறந்து, கன்னத்தை விலக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டர் போட்டதும் புள்ளிகள் இடம் நகரும். வாய்க்குள் மறுபடி டாப்ளர் வையுங்கள். மேல் இரண்டாம் கடைவாய்ப்பல்லுக்கு எதிரே உமிழ்நீர்க் குழாய் திறக்கும். ஃபிளாப் அதற்கு முன்னாலேயே நிற்கட்டும். முதலில் மேலுதட்டுத் தமனியைப் பிடித்து, அது வழியே முகத்தமனிக்குப் போங்கள். தமனி பக்சினேட்டர் என்ற கன்னத் தசைக்கு வெளியே ஓடுவதால் அந்தத் தசையின் ஒரு படலத்தையும் சேர்த்தே எடுங்கள். சிரை பெரும்பாலும் கூட வராது, சளிச்சவ்வுக்கு அடியிலுள்ள நுண்சிரை வலைதான் ரத்தத்தை வடிக்கும். அதனால் அடியை 2 செ.மீ.க்குக் குறைக்காதீர்கள்.

கிழிந்த காயத்தில் ரத்தம் பீறிட்டால் முதலில் விரலால் அழுத்துங்கள். பார்க்காமல் கிளாம்ப் போட்டால், தாடையோரம் தமனிக்கு மேலே ஓடும் முகநரம்புக் கிளை சிக்கும், கீழுதடு கோணும். அறுந்த தமனியின் இரு முனைகளையும் தேடிக் கட்டுங்கள். எதிர்ப்பக்கத்து இணைப்புகளால் மேல்முனையும் பீறிடும்.