ஹாலோவீன் பார்ட்டியா? நல்லெண்ணெயை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்

இங்கே அமெரிக்காவில் செப்டம்பர் கடைசியில் பிள்ளையின் வகுப்பு ஆசிரியையிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். அக்டோபர் 31, பேய் வேடம் போட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் பார்ட்டி, விளையாட்டு நடத்தப் பெற்றோர் வேண்டும் என்று கேட்டிருப்பார். வேலை விசாவில் வந்தவரின் துணைக்குத் தரும் ஹெச்-4 விசாவில் வீட்டில் இருக்கும் என்னைப் போன்றவர்கள் உடனே கையைத் தூக்கிவிடுவோம். தூக்குங்கள், நல்லதுதான். டாலஸ் பக்கம் எனக்கு முதலில் பழக்கமான நாலு குடும்பமும் அந்த வகுப்பறையில் கிடைத்தவைதான். ஆனால் 2024-ல் நான் பட்டதைப் படித்துவிட்டுத் தூக்குங்கள்.

காகித வேலை கொஞ்சம்தான். தன்னார்வலராகப் பதிவு செய்யும்போது போலீஸ் பின்னணிச் சோதனைக்கு ஒப்புதல் தர வேண்டும், அதற்குச் சில நாள் பிடிக்கலாம். அதனால் கடைசி வாரம் வரை தள்ளாதீர்கள். வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள். லைசென்ஸ் இல்லாத நான் பாஸ்போர்ட்டைக் காட்டினேன், ஏற்றுக்கொண்டார்கள். முகமூடி, பொம்மைக் கத்தி எல்லாம் பெரும்பாலான பள்ளிகளில் கூடாது. சில பள்ளிகள் ஹாலோவீன் என்ற பேரையே எடுக்காமல் இலையுதிர்கால விழா என்றுதான் சொல்லும், அழைப்பில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு 45 நிமிடம், 22 பிள்ளைகள், இரண்டாம் வகுப்பு. நாலு மூலையில் நாலு விளையாட்டு வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குழுவை மாற்றினோம். டாய்லெட் பேப்பரை ஒரு பிள்ளையின் மேல் சுற்றி, துணி சுற்றிய எகிப்துப் பிணம் போல மம்மி ஆக்குவதுதான் இங்கே எல்லாருக்கும் பிடித்தது. குழுவுக்கு இரண்டு உருளை போதும். காகிதம் அவ்வளவு வீணாவதைப் பார்த்தால் நமக்கு வயிறு எரியும், பார்க்காதீர்கள். பூசணிக்காய்க் காம்பில் வளையம் எறிவது, ஜாடியில் எத்தனை மிட்டாய் என்று ஊகிப்பது எல்லாம் சுலபம். மியூசிகல் சேர் மட்டும் வேண்டாம். தோற்ற பிள்ளை மூலையில் உட்கார்ந்து அழும். பாட்டு நின்றதும் சிலையாக நிற்கிற ஆட்டத்தில் யாரையும் வெளியேற்ற வேண்டியதில்லை.

நாலாவது மூலையில்தான் நான் மாட்டினேன். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, உள்ளே கை விட்டுத் தடவ வேண்டும். தோலுரித்த திராட்சை பேயின் கண், வேகவைத்து ஆறவைத்த நூடுல்ஸ் பேயின் குடல். நூடுல்ஸ் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க இரண்டு கரண்டி நல்லெண்ணெய் விட்டுப் பிசறினேன். அந்த வருடம் தீபாவளியும் அதே அக்டோபர் 31. காலையில் மகள் தலையில் தேய்த்த அதே செக்கு எண்ணெய்தான், தூத்துக்குடியிலிருந்து அம்மா கொடுத்துவிட்டது.

வகுப்பின் அலர்ஜிப் பட்டியலில் எள் இருந்தது. அதைப் படித்துத்தான் எள்ளுருண்டை வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். எண்ணெயை எள்ளோடு சேர்த்துப் பார்க்கவே தோன்றவில்லை. என்னென்ன சேர்த்தீர்கள் என்று ஆசிரியை முன்கூட்டியே எழுதிக் கேட்டார், நானும் நேர்மையாக ஜிஞ்செல்லி ஆயில் என்று எழுதினேன். நம் ஊர்ப் பாட்டிலில் அப்படித்தானே போட்டிருக்கும்? அந்தச் சொல் இங்கே யாருக்கும் தெரியாது. ஏதோ சமையல் எண்ணெய் என்று விட்டுவிட்டார். பெட்டியில் கை விட்ட ஒரு பையனுக்கு மணிக்கட்டு வரை திட்டுத் திட்டாகத் தடித்துவிட்டது. நர்ஸ் கையைக் கழுவி மருந்து கொடுத்தார், அரை மணி நேரத்தில் தணிந்தது. அவன் அம்மா வந்து என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இரவு அம்மாவிடம் சொன்னேன். அங்கே மறுநாள் காலை. “நல்லெண்ணெய் ஒத்துக்காதா? பேரே நல்லெண்ணெய்டா” என்றார். என்ன பதில் சொல்ல?

அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் எள் ஒன்பதாவது பெரிய அலர்ஜிப் பொருள். அதற்கு முன்பிருந்த எட்டும் பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, வேர்க்கடலை, முந்திரி பாதாம் வகை, கோதுமை, சோயா. இங்கே கடையில் விற்கும் உணவுப் பொட்டலத்தில் இவற்றை எல்லாருக்கும் புரியும் பெயரில் அச்சிட்டே ஆக வேண்டும். சூட்கேஸில் வந்த பாட்டிலுக்கு அந்தக் காவல் கிடையாது. நம் கூட்டுப் பெருங்காயத்திலும் பெரும்பாலும் கோதுமை அல்லது மைதா மாவு இருக்கும், நிறைய பேருக்கு அது தெரியாது. கடையில் வாங்கும் பிளே-டோ களிமண்ணிலும் கோதுமை உண்டு. ஆகவே சாப்பிடாத பொருளுக்கும் பட்டியல் கொடுங்கள், பெயரை இங்கத்தியக் கடை லேபிளில் இருப்பதுபோலவே எழுதுங்கள். பரிசுக்குப் பென்சில், ஸ்டிக்கர் போதும். நம் ஊரில் பிறந்தநாளுக்கு வகுப்பு முழுக்க மிட்டாய் நீட்டுவோமே, அந்தக் கை இங்கே கொஞ்சம் அடங்கியிருக்கட்டும்.

2025-ல் மறுபடி என்னையே கூப்பிட்டார்கள். நனைத்த கம்பளி நூல், பிங்பாங் பந்து வைத்தேன். குடலுக்கு, அலர்ஜிப் பட்டியலை ஒருமுறை பார்த்து, ஆசிரியையிடமும் கேட்டுக்கொண்டு, பூசணிக்காயைக் குடைந்து எடுத்த நாரும் விதையும். நூடுல்ஸைவிட அதுதான் அருவருப்பு, பிள்ளைகள் வரிசையில் திரும்பத் திரும்ப வந்தார்கள். மிச்சப் பூசணியை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். முகம் வெட்டுவதற்கென்று விற்கும் காய் அது, வெறும் தண்ணீர். சாம்பாரில் போட்டுப் பார்த்துவிட்டேன்.