நெல்லுக்கு குப்பையும் யூரியாவும் சேர்த்து போடறது எப்படி? ஒரு ஏக்கர் கணக்கு

முதல் தடவை நெல் வைக்கிறவங்க ரெண்டு விதமா போறாங்க, ஒண்ணு மாட்டுக்குப்பைய வயலுக்கு ஓட்டிட்டு யூரியாவயும் முழு அளவுலயே கொட்டறாங்க, இல்லன்னா குப்பைதான் போட்டாச்சேன்னு யூரியாவ அடியோட நிறுத்திடறாங்க. ரெண்டும் வேணாம். குப்பையில வர்ற தழைச்சத்த (நைட்ரஜன்) கணக்கு போட்டு யூரியாவுல கழிங்க, அவ்ளோதான் விஷயம்.

முதல்ல மண் டெஸ்ட். சேலத்துக்காரங்களுக்கு சந்தியூர் கேவிகே (வேளாண் அறிவியல் நிலையம்) இருக்கு, அங்க போய் கேட்டுப்பாருங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் பொதுவான சிபாரிசு வச்சுக்கலாம், கோ 51 மாதிரி குறுகிய கால ரகத்துக்கு ஹெக்டேருக்கு தழைச்சத்து 120, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 40, சாம்பல்சத்து (பொட்டாஷ்) 40 கிலோ, ஏக்கருக்கு 48, 16, 16ன்னு வரும்.

அடுத்து குப்பை. நல்லா மக்குன மாட்டுக்குப்பை ஏக்கருக்கு 5 டன். டன்னுக்கு 5 கிலோ தழைச்சத்துன்னு வச்சாலும் மொத்தம் 25 கிலோ, ஆனா அது மெதுவா தான் விடும், இந்த போகத்துக்கு பாதி கிடைச்சாலே பெருசு. அதனால 12 கிலோ மட்டும் கழிங்க, அதாவது 48ல கால் பங்கு.

நம்ம பக்கம் ஆத்தூர், தலைவாசல்ல சேகோ மில்லு திப்பி (மரவள்ளிக்கிழங்கு அரைச்ச சக்கை) கிடைக்குது, நாமக்கல்ல இருந்து கோழி எரு லோடு லோடா வருது, ஆனா இது ரெண்டையும் பச்சையா வயலுக்குள்ள விட்றாதீங்க. திப்பியில மாவும் நாரும்தான் அதிகம், தழைச்சத்து ரொம்ப கம்மி, அத மக்க வைக்கிற நுண்ணுயிர் மண்ணுல இருக்கிற தழைச்சத்த புடிச்சுக்கும், நட்ட பயிர் மஞ்சளா நிக்கும், நீங்க சத்து பத்தலன்னு இன்னொரு மூட்டை யூரியா வாங்குவீங்க! கோழி எரு அதுக்கு நேர் எதிர், சூடு, பச்சையா போட்டா வேர் கருகும். ரெண்டையும் சாணிக்கரைசல் தெளிச்சு அடுக்கடுக்கா போட்டு ஈரம் காயாம வச்சு அப்பப்ப புரட்டி விட்டா ஒண்ணுக்கொண்ணு சரியாயிடும். குவியலுக்குள்ள கைய விட்டா சூடு தெரியக்கூடாது, அள்ளி மோந்தா மண்வாசம் தான் வரணும், அமோனியா நெடி மூக்குல ஏறுச்சுன்னா இன்னும் ஆகலன்னு அர்த்தம்.

நடவுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடி குப்பைய இறைச்சு சேத்து உழவுல மடக்கி உழுதுடுங்க. குப்பை இல்லாதவங்க தக்கைப்பூண்டு (பசுந்தாள் உரப்பயிர்) ஏக்கருக்கு 20 கிலோ விதைச்சு பூ எடுக்கறப்ப மடக்கி உழலாம்.

அடியுரம் கடைசி உழவுல. டிஏபி 35 கிலோ போட்டா மணிச்சத்து முழுசும் வந்துடும், கூடவே தழைச்சத்து 6 கிலோ. சாம்பல்சத்து 16 கிலோவுக்கு பொட்டாஷ் உரம் 27 கிலோ வேணும், அதுல பாதி இப்ப, பாதி அப்புறம். ஜிங்க் சல்பேட் 10 கிலோவ மணல்ல கலந்து தனியா தூவுங்க, டிஏபியோட கலந்தா வீண். அசோஸ்பைரில்லம்ங்கிற உயிர் உரத்தயும் ரசாயன உரத்தோட கலக்காதீங்க, மக்குன குப்பையில கலந்து போடுங்க.

இப்ப கழிச்சு பாருங்க: 48ல குப்பைக்கு 12, டிஏபிக்கு 6 போக மீதி 30 கிலோ. யூரியாவுல 46 சதவீதம் தழைச்சத்து, அதனால 65 கிலோ போதும், மூட்டை இப்ப 45 கிலோ, ஆக ஒண்ணரை மூட்டைக்கு கொஞ்சம் கம்மி. குப்பை இல்லாம போட்டிருந்தா ரெண்டு மூட்டை. வேப்பம்புண்ணாக்கு தனியா கலக்கணுமான்னு கேப்பாங்க, 2015ல இருந்தே யூரியாவுக்கு வேப்பெண்ணெய் பூச்சு கட்டாயம், அதனால கட்டாயமில்ல, பிரியப்பட்டா போடுங்க.

இந்த 65 கிலோவ மூணா பிரிங்க. முதல் பங்கு தூர் கட்டறப்ப. ரெண்டாவது பங்கும் மீதி பொட்டாஷும் கதிர் உருவாகறப்ப, நாள் எண்ணிட்டு இருக்காம பெரிய தூர் ஒண்ண புடுங்கி அடித்தண்ட பிளேடால நெடுக்க கீறி பாருங்க, கணுவுக்கு மேல வெள்ளையா பஞ்சு முனை மாதிரி ஒரு மில்லிமீட்டருக்கு தெரிஞ்சா அதான் நேரம். மூணாவது கதிர் வெளிய வர்றப்ப, ஆனா அதுக்கு முன்னாடி இலை வண்ண அட்டைய (இலையோட பச்சைய ஒப்பிட்டு பாக்கற நம்பர் போட்ட அட்டை) வச்சு பாருங்க, இலை 4க்கு மேல பச்சையா இருந்தா அந்த பங்கு வேண்டியதில்ல, மிச்சம் புடிங்க. வெள்ளைப் பொன்னி ரகத்துக்கு 3 தான் கணக்கு, அதுக்கு யூரியா கூடுனா சாஞ்சிடும்.

ஒவ்வொரு தடவயும் தண்ணிய வடிச்சு சேறு தெரியற அளவுக்கு வச்சுட்டு தூவுங்க, ரெண்டு நாள் கழிச்சு தண்ணி கட்டுங்க.