11 மாத ஒப்பந்தமும் 12 மாத விதியும்

வேளச்சேரியில் நாங்கள் இருவரும் குடியிருந்த வீட்டின் வாடகை ஒப்பந்தம், சென்னையில் பெரும்பாலான வீடுகளைப் போலவே, 11 மாதத்துக்குப் போட்டது. அதில் என் பெயர் மட்டும்தான். கூட இருப்பவள் என் இணையர். ஆனால் சித்தி மகள் என்று ஹவுஸ் ஓனர் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அந்தப் பொய்யால்தான் எங்களுக்கு வீடே கிடைத்தது. கனடாவில் சேர்ந்து குடியேற விண்ணப்பிக்க உட்கார்ந்தபோது அதே பொய் குறுக்கே வந்து நின்றது. இத்தனை வருடம் மறைத்ததை இப்போது தாளில் காட்டு என்கிறார்கள். எங்கே போவது?

இந்தியாவில் நம்மைப் போன்ற தன்பாலின இணையருக்குக் கல்யாணச் சான்றிதழ் கிடையாது. அந்தக் கல்யாணத்தை அங்கீகரிப்பது சட்டமியற்றும் அவையின் வேலை என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று சொல்லிவிட்டது. பலர் இதோடு விட்டுவிடுகிறார்கள். ஆனால் கனடா குடிவரவுத் துறைக்குச் சான்றிதழ் கட்டாயமில்லை. தொடர்ந்து 12 மாதம் ஒரே வீட்டில் தம்பதியாக வாழ்ந்திருந்தால் நீங்கள் ‘காமன்-லா’ இணையர். இருவரும் பெண்களா, ஆண்களா என்பது அங்கே ஒரு கேள்வியே இல்லை. எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற, புள்ளி போட்டு ஆளெடுக்கும் வழியில் ஒருவர் முதன்மை விண்ணப்பதாரராகவும் மற்றவர் உடன் வரும் இணையராகவும் சேர்ந்தே பிஆர், அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை, வாங்கலாம். நாங்கள் வந்தது அப்படித்தான்.

அந்த 12 மாதம் அறுபடாமல் இருக்கவேண்டும். பொங்கலுக்கு ஆளுக்கொரு ஊருக்குப் போய் வந்ததையோ, ஆபீஸ் வேலையாக ஒரு வாரம் பெங்களூர் போனதையோ யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஒருவர் கோயம்புத்தூரிலும் ஒருவர் சென்னையிலும் வேலை பார்த்துக்கொண்டு சனி, ஞாயிறு மட்டும் சந்திப்பதைச் சேர்ந்து வாழ்வதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆகவே முதலில் வாடகை ஒப்பந்தத்தைச் சரிசெய்யுங்கள். புதுப்பிக்கும்போது இரண்டு பெயரையும் போடச் சொன்னோம். “ஆபீஸில் முகவரிச் சான்று கேட்கிறார்கள், ஆன்ட்டி” என்றேன். அவர் மறுபேச்சு பேசவில்லை, ஐநூறு ரூபாய் வாடகை ஏற்றியதோடு சரி. ஒரு ஒப்பந்தம் மட்டும் இருந்தால் 11 மாதம்தான் ஆகிறது, ஒரு மாதம் இடிக்கும். அடுத்தடுத்து இரண்டு வேண்டும். பழைய வருடங்களுக்கு, இருவரும் இந்த வீட்டில்தான் குடியிருந்தார்கள் என்று ஓனரிடமே ஒரு கடிதம் வாங்கினோம். அதில் உறவைச் சொல்லவேண்டியதில்லை, முகவரியும் தேதியும் போதும்.

அப்புறம் சின்னச் சின்னத் தாள்கள். இருவரின் ஆதாரிலும் அதே முகவரி, அவள் பெயரில் கேஸ் இணைப்பு, என் பெயரில் இன்டர்நெட் பில், ஒருவர் காப்பீட்டில் மற்றவர் நாமினி. ஈபி பில் எப்படியும் ஓனர் பெயரில்தான் வரும், அதை விட்டுவிடுங்கள். கூட்டு வங்கிக் கணக்கு நல்ல பலம். நாங்கள் தொடங்கப் போனபோது கவுன்ட்டரில் இருந்தவர், “கணவன் மனைவி, அப்பா பிள்ளைக்குத்தான் தருவோம்” என்று திருப்பி அனுப்பிவிட்டார். வேறொரு கிளையில் ஒரு வார்த்தை கேட்காமல் தந்தார்கள். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம். தன்பாலினத்தவர் உள்ளிட்ட பால்புதுமையினர் கூட்டுக் கணக்கு தொடங்கவும், இணையரை நாமினியாகப் போடவும் எந்தத் தடையும் இல்லை என்று நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்ட் 28 அன்று தெளிவுபடுத்தியிருக்கிறது. அதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

வாட்ஸப் உரையாடலையும் வைக்கலாம் என்றார்கள். எங்களுடையதைத் திறந்து பார்த்தால் காதலுக்கான தடயமே இல்லை. “பால் வாங்கிட்டியா”, “மோட்டார் ஆஃப் பண்ணு”, இதேதான் நாலு வருடமாக. ஒரே வீட்டில் வாழ்கிறவர்கள் வேறென்ன பேசுவார்கள் என்று துணிந்து அதையே வைத்தோம். தமிழில் இருப்பதை மொழிபெயர்த்துத்தான் தரவேண்டும். நீங்களோ உங்கள் குடும்பத்தாரோ செய்த மொழிபெயர்ப்பை ஏற்கமாட்டார்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு போவதால் நாலைந்து பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரே ஒருவருக்காவது உங்களைப் பற்றித் தெரியும் என்றால் அவரிடம் கடிதம் வாங்குங்கள். எங்களுக்கு என் தம்பி எழுதித் தந்தான்.

நாங்கள் மாட்டிக்கொள்ளப் பார்த்த இடம் ஒன்று உண்டு. 2019 ஜூன் முதல் ஒன்றாக இருக்கிறோம். 2020 நவம்பரில் அவள் கனடா மாணவர் விசாவுக்கு விண்ணப்பித்தபோது, பழக்க தோஷத்தில் ‘திருமணமாகாதவர்’ என்று குறித்துவிட்டாள். பொதுப் பேச்சில் அது சரி. ஆனால் அவர்கள் விதிப்படி அப்போதே நாங்கள் காமன்-லா. பொய்த் தகவல் தந்ததாக முடிவு செய்தால் 5 வருடம் விண்ணப்பிக்க முடியாது. நாங்கள் முந்திக்கொண்டு ஒரு பக்க விளக்கக் கடிதம் வைத்தோம்: இந்தியச் சட்டத்தில் எங்கள் உறவுக்குப் பெயர் இல்லை, அந்தப் படிவத்தின் சொல் எங்களுக்குப் பொருந்தும் என்று அன்று தெரியவில்லை. அது உண்மையும்கூட. பழைய விசாப் படிவங்களின் நகலைத் தேடி எடுத்து, என்ன குறித்தீர்கள் என்று இன்றே பாருங்கள்.

இன்னொன்று: “நான் மட்டும் முதலில் போகிறேன், அவனை அப்புறம் கூப்பிட்டுக்கொள்கிறேன்” என்று இணையரைக் காட்டாமல் விடாதீர்கள். அவர் உடன் வராவிட்டாலும் படிவத்தில் காட்டவேண்டும், மருத்துவப் பரிசோதனையும் செய்யவேண்டும். மறைத்தால் பின்னாளில் அவரை ஸ்பான்சர் செய்யும் வழியே அடைபடலாம்.

எக்ஸ்பிரஸ் என்ட்ரியின் புள்ளிக் கணக்கை, இருவரில் யாரை முதன்மை விண்ணப்பதாரராக வைப்பது என்று இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள். இணையரின் படிப்பு, மொழித் தேர்வு, கனடா அனுபவம் எல்லாம் சேர்ந்து அதிகபட்சம் 40 புள்ளிதான். முதன்மை விண்ணப்பதாரர் யார் என்பதை மாற்றினால் அதைவிடப் பெரிய வித்தியாசம் வரலாம். எங்களில் சம்பளம் அதிகம் எனக்கு, ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் மதிப்பெண் அதிகம் அவளுக்கு. அவள் பெயரில் போட்டோம்.

ஒருவர் ஏற்கெனவே கனடா பிஆர் என்றால் கதை வேறு. சேர்ந்து வாழவோ கல்யாணம் செய்யவோ முடியாத தடை இருந்ததைக் காட்டினால் ‘கான்ஜுகல் பார்ட்னர்’ என்று வெளிநாட்டில் இருப்பவரை ஸ்பான்சர் செய்யலாம். உறவுக்கு ஒரு வருடமாவது ஆகியிருக்கவேண்டும். விசிட்டர் விசா கிடைத்தால் கனடாவிலேயே கல்யாணம் செய்துகொள்ளலாம், 2005 முதல் அது நாடு முழுக்கச் சட்டப்படி செல்லும். ஆன்லைன் கல்யாணத்தைக் கனடா ஏற்பதில்லை, இருவரும் நேரில் நின்றிருக்கவேண்டும். ஆஸ்திரேலியாவும் பொதுவாக 12 மாதம் கேட்கிறது, பிரிட்டன் 2 வருட உறவு கேட்கிறது. கம்பெனி சிங்கப்பூருக்கு மாற்றினால் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவை நீக்க அங்கே நாடாளுமன்றம் 2022இல் வாக்களித்துவிட்டது, ஆனால் தன்பாலினத் திருமணத்தை ஏற்பதில்லை. வேலைக்குப் போகிறவரின் குடும்பத்துக்குத் தரும் டிபெண்டன்ட் பாஸில் உங்கள் இணையரைக் கூட்டிப்போக முடியாது.

எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வந்தபின் எல்லாம் சமர்ப்பிக்க 60 நாள்தான். போலீஸ் சான்றிதழ், மருத்துவம், வங்கிக் கடிதம் என்று ஓட அதுவே போதாது. ஆகவே காமன்-லா உறுதிமொழிப் படிவத்தை, அதாவது ஐஎம்எம் 5409ஐ, முன்கூட்டியே நோட்டரி முன் கையெழுத்திட்டு வைத்துவிடுங்கள். நாங்கள் பாரிமுனைக்குப் போனோம். நோட்டரி படிவத்தைப் புரட்டிவிட்டு, “பார்ட்னர்ஷிப் டீடா? என்ன பிசினஸ்மா?” என்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். “சேர்ந்து வாழ்றோம் சார்” என்றாள் அவள். மனிதர் கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடி படித்தார், முத்திரை குத்தினார், வழக்கமான கட்டணம்தான் வாங்கினார். இரண்டு அசல் போட்டு வாங்குங்கள். எங்களுடைய ஒன்றின் மேல், வெளியே வந்த பத்தாவது நிமிடம், டீக்கடையில் டீ கொட்டிவிட்டது.