லாரி ஹெட்லைட்: பல்பை மாற்றும் முன் வோல்ட்டை அளந்து பாருங்கள்

தை மாதத்தில் குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம் வழியாக இரவில் லோடு ஓட்டுகிறவர்களுக்கு இது பழகிய சிரமம். பழனிக்குப் பாதயாத்திரை போகிற கூட்டம் விடியுமுன்பே நடக்கத் தொடங்கிவிடும். ஓரத்தில் தெரிவது ஆளா, கருவேல மரத்து நிழலா என்று எதிர்வண்டி வெளிச்சத்துக்கு நடுவே பிரித்துப் பார்க்க வேண்டும். மற்ற மாதங்களில் அதே இடத்தில் மாடு, ஆடு, விளக்கில்லாத சைக்கிள். அங்கே வேண்டியது டிம்மில் இடது ஓரம் தெளிவாகத் தெரிவதுதான். பிரைட்டில் பனைமரத்து உச்சி தெரிந்து என்ன பயன்?

வெளிச்சம் போதவில்லை என்றதும் பலர் முதலில் செய்வது கடைக்குப் போய் 100/90 வாட் பல்பு கேட்பது. பெரும்பாலான வண்டிகளில் கோளாறு பல்பில் இல்லை. பல்புக்குப் போகவேண்டிய வோல்ட் வழியிலேயே தேய்ந்துபோகிறது. ஹாலஜன் பல்பில் வோல்ட் 5 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 16 சதவீதம் போய்விடும். 10 சதவீதம் குறைந்தால் 30 சதவீதம் போச்சு. பேட்டரியில் 13.8 வோல்ட் இருந்து பல்பில் 12.3 மட்டும் வந்தால், மூன்றில் ஒரு பங்கு வெளிச்சத்தை ஒயரிலேயே விட்டுவிட்டீர்கள்.

எங்கே போகிறது? 12 வோல்ட் வண்டியில் இரண்டு 60 வாட் இழையும் சேர்ந்து ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். 1 ஸ்கொயர் எம்எம் ஒயர் 5 மீட்டர் ஓடினால் அதிலேயே 0.8 வோல்ட் போகும். பல வண்டிகளில் இந்தக் கரண்ட் முழுக்க ஸ்டியரிங் பக்கத்து டிம்-பிரைட் சுவிட்ச் வழியாகத்தான் போகிறது. சுவிட்ச் பாயிண்ட் கருகியிருந்தால், கப்ளரில் (பல்பின் பின்னால் செருகும் பிளக்) பச்சை பிடித்திருந்தால், எர்த் போல்ட் துருப்பிடித்திருந்தால் ஒவ்வொன்றும் தன் பங்குக்கு எடுத்துக்கொள்ளும். தொண்டிப் பக்கம் அடிக்கடி போய்வரும் வண்டியில் உப்புக்காற்று இந்த வேலையைச் சீக்கிரமே முடித்துவிடும்.

முதலில் அளவு

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும், டி.சி. 20 வோல்ட் நிலையில் வையுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, டிம்மைப் போட்டு, பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். கப்ளரைக் கழற்றிவிட்டு அளந்தால் கரண்ட் ஓடாது, இழப்பும் தெரியாது. எல்லாம் சரியாக இருப்பதுபோல மீட்டர் காட்டிவிடும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

மீட்டரின் சிவப்பு முனையை பேட்டரி பாசிட்டிவ் போஸ்ட்டிலும், கறுப்பு முனையை கப்ளரின் பின்பக்கமாகச் செருகி டிம் பிளேடிலும் வையுங்கள். மீட்டர் காட்டுவதுதான் வழியில் தொலைந்த வோல்ட் (சுவிட்ச் எர்த் பக்கம் உள்ள வண்டிக்கு இது பொருந்தாது; அதைக் கண்டுபிடிக்கும் வழி கீழே இருக்கிறது). 12 வோல்ட் வண்டியில் 0.5-க்குள் இருந்தால் ஒயரிங்கைத் தொடவேண்டாம். 1 வோல்ட்டைத் தாண்டினால் ரிலே போடுவது நல்ல செலவு. பழைய சுவிட்சிலிருந்து சிக்னலை மட்டும் வாங்கிக்கொண்டு, பேட்டரி கரண்ட்டை நேராகப் பல்புக்கு விடுகிற சின்ன சுவிட்ச்தான் ரிலே. 24 வோல்ட் லாரிக்கு இந்த அளவுகளை இரட்டிப்பாக எடுத்துக்கொள்ளலாம். அடுத்து எர்த்: பல்பின் எர்த் பிளேடுக்கும் பேட்டரி நெகட்டிவ் போஸ்ட்டுக்கும் நடுவே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டுவிட்டது. எர்த் ஒயர் போல்ட்டைக் கழற்றி, பெயிண்டும் துருவும் போக உப்புத்தாள் போட்டு, புது லக் (ஒயர் முனையில் மாட்டும் வளையம்) வைத்து இறுக்குங்கள். ஒரு பக்க லைட் மட்டும் மங்கலாக எரிந்தால் பத்தில் எட்டு முறை அந்தப் பக்க எர்த்தான் காரணமாக இருக்கும்.

பேட்டரி போஸ்ட்டிலேயே லைட் போட்டபிறகு 13.5 (லாரியில் 27) வரவில்லை என்றால் ஆல்டர்னேட்டர் பெல்ட்டைப் பாருங்கள். அது வேறு வேலை. அதை முடித்துவிட்டு இங்கே வாருங்கள்.

கண்ணாடியையும் இப்போதே பார்த்துவிடலாம். பிளாஸ்டிக் லென்ஸ் மஞ்சளித்திருந்தால் 800, 1500, 2000 எண் தண்ணீர்த் தாள்களால் வரிசையாகத் தேய்த்து, பாலிஷ் போட்டு, வெயில் தாங்கும் கிளியர் கோட் அடிக்க வேண்டும். கோட் அடிக்காமல் விட்டால் நம் ஊர் வெயிலில் சில மாதங்களில் பழையபடி மஞ்சளாகிவிடும். உள்ளே இருக்கும் ரிஃப்ளெக்டரை மட்டும் துணியால் துடைக்காதீர்கள். அந்தப் பளபளப்பு மெல்லிய அலுமினியப் பூச்சு. துடைத்தால் துணியோடு வந்துவிடும். கறுத்துவிட்டால் டூமை (லென்ஸும் ரிஃப்ளெக்டரும் சேர்ந்த ஹெட்லைட் கூடு) மாற்றுவது ஒன்றே வழி.

டூம் வாங்கும்போது ஒரு சின்ன விஷயம். நாம் இடதுபக்கம் ஓட்டுகிறவர்கள். டிம் வெளிச்சம் இடது ஓரத்தில் மேலேறி, வலதுபக்கம் தட்டையாக வெட்டப்பட்டிருக்க வேண்டும். வெளிநாட்டுச் சந்தைக்குச் செய்த டூம் சில கடைகளில் மலிவாகக் கிடைக்கும். அது எதிரே வருகிறவன் கண்ணுக்குள் ஏறும். ஓரத்தில் நடப்பவர் இருட்டிலேயே இருப்பார். லென்ஸில் வட்டத்துக்குள் ஆங்கில ‘E’ முத்திரை இருந்தால் அதன் அருகே அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். டூமை எதிரே நின்று பார்க்கிற உங்கள் வலதுபக்கமாக அம்பு காட்டினால் அது நம் ஊருக்கு ஆனது. இருபுறமும் அம்பு இருந்தால் இரண்டுக்கும் பொருந்தும். அம்பே இல்லையென்றால் வேண்டாம்.

ரிலே ஒயரிங்

வேண்டிய சாமான்: நான்கு பின் ரிலே இரண்டு (டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று, 12 வோல்ட் வண்டிக்கு 30 அல்லது 40 ஆம்பியர்), ரிலே சாக்கெட் இரண்டு, மூடியுள்ள ஃப்யூஸ் ஹோல்டர் இரண்டு, செராமிக் எச்4 (டிம், பிரைட் இரண்டும் ஒரே பல்பில் உள்ள வகை) ஹோல்டர் இரண்டு, 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர் சுமார் 10 மீட்டர், சுவிட்ச் சிக்னலுக்கு 0.75 ஸ்கொயர் எம்எம் 3 மீட்டர், லக், ஸ்லீவ், நெளிகுழாய். பேட்டரி சேசிஸ் பக்கத்தில் தொலைவாக இருக்கிற லாரிக்கு மெயின் ஃபீடு (பேட்டரியிலிருந்து ரிலே வரை வரும் ஒயர்) மட்டும் 4 ஸ்கொயர் எம்எம் போடுங்கள். கேபின் கவிழும் வண்டியில் கவிழும் இடத்தில் ஒயருக்குத் தொய்வு விட மறக்கக்கூடாது.

ஃப்யூஸ் 12 வோல்ட்டில் ஒவ்வொரு ரிலேக்கும் 15 ஆம்பியர், 24 வோல்ட்டில் 10 ஆம்பியர். ஃப்யூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டி ரிலே பக்கத்தில் வைத்தால் நடுவில் ஒயர் உரசி எரியும்போது ஃப்யூஸ் வேடிக்கை பார்க்கும். 24 வோல்ட் லாரிக்கு ரிலே காயிலும் (ரிலேயை இயக்குகிற உள்சுருள்) 24 வோல்ட்டாக இருக்க வேண்டும். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து லைட் எரிப்பது பரவலான பழக்கம். அந்தப் பேட்டரி எப்போதும் குறைசார்ஜிலும் மற்றது மிகைசார்ஜிலும் கிடந்து, இரண்டும் சேர்ந்து சாகும்.

ரெடிமேட் ஹார்னஸ் (கட்டிவைத்த ஒயர் தொகுப்பு) வாங்கினால் ஒயரைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செம்புப் பூச்சு போட்ட அலுமினியம். தடிமனாகத் தெரிந்தாலும் கரண்ட் தாங்காது.

வேலை தொடங்கும்முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். எச்4 பல்பின் மூன்று பிளேடும் கவிழ்த்துப் போட்ட ‘ப’ போல நிற்கும். மேலே படுத்திருப்பது பெரும்பாலும் டிம். நிற்கிற இரண்டில் ஒன்று பிரைட், மற்றது எர்த். யூகித்து வேலை செய்யாமல், நெகட்டிவைச் சற்று மாட்டி, கழற்றிய கப்ளரில் சோதனை செய்யுங்கள். டிம்மில் மட்டும் வோல்ட் வருவது டிம் ஒயர், பிரைட்டில் மட்டும் வருவது பிரைட். டிம்மிலும் பிரைட்டிலும் ஒரே பிளேடில் வோல்ட் நின்றால் அந்த வண்டியில் சுவிட்ச் எர்த் பக்கம் இருக்கிறது என்று பொருள். அந்தப் பிளேடுதான் அங்கே பொது ஒயர். மற்ற வண்டியில் எர்த் பிளேடே பொது.

இனி சுலபம். ரிலேயின் 85, 86 எண் போட்ட பின் இரண்டும் காயில். ஒரு ரிலேயின் காயிலைப் பொது ஒயருக்கும் டிம் ஒயருக்கும் நடுவே கொடுங்கள். அடுத்ததைப் பொது ஒயருக்கும் பிரைட் ஒயருக்கும் நடுவே. சுவிட்ச் எந்தப் பக்கம் இருந்தாலும் இது வேலை செய்யும். உள்ளே டையோடு வைத்த ரிலே என்றால் மட்டும் ரிலேயின் மேல் போட்டிருக்கிற படத்தைப் பார்த்து பாசிட்டிவ் திசை மாறாமல் கொடுங்கள். பின் 30-க்கு ஃப்யூஸ் வழியாகப் பேட்டரி பாசிட்டிவ். பின் 87-இலிருந்து இரண்டு பக்கப் பல்புக்கும் 2.5 ஒயர். எர்த்தும் அதே தடிமனில், இரண்டு பக்கத்திலிருந்தும் சுத்தமான சேசிஸ் போல்ட்டுக்கு. பாசிட்டிவை மட்டும் தடிமனாகப் போட்டு எர்த்தைப் பழைய ஒயரிலேயே விட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கும்.

சிக்னலுக்கு ஒரு பக்கத்துப் பழைய கப்ளர் போதும். இன்னொன்றை டேப் சுற்றிக் கட்டிவிடுங்கள். ரிலேக்களைப் பின் கீழ்நோக்கி இருக்கும்படி, சக்கரத்துச் சேறு அடிக்காத இடத்தில் மாட்டுங்கள். தலைகீழாக மாட்டினால் மழைநீர் சாக்கெட்டில் தேங்கும். எர்த் பக்கம் சுவிட்ச் உள்ள வண்டியில் டாஷ்போர்டு பிரைட் இண்டிகேட்டர் மங்கலாகலாம் அல்லது எரியாமல் போகலாம். அது பழைய பல்பின் இழை வழியாகக் கரண்ட் எடுத்துக்கொண்டிருந்தது. இண்டிகேட்டருக்குப் பிரைட் ரிலேயின் 87-இலிருந்து தனி ஒயர் கொடுத்து, மறுமுனையை எர்த் செய்தால் சரியாகும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டிகள் பலவற்றில் ரிலே கம்பெனியிலேயே இருக்கும். அளந்து பார்க்காமல் ஒயரை வெட்டினால் வாரண்டிதான் போகும்.

பல்பு

இப்போதுதான் பல்பைப் பற்றிப் பேச வேண்டும். 12 வோல்ட்டுக்கு 60/55 வாட், 24 வோல்ட் லாரிக்கு 75/70 வாட், நல்ல கம்பெனிப் பல்பு. முழு வோல்ட் கிடைத்தால் இதுவே முன்பிருந்ததோடு ஒப்பிட முடியாத வெளிச்சம் தரும். ‘கூடுதல் வெளிச்சம்’ என்று விற்கும் அதே வாட் பல்புகளும் நல்லவைதான், ஆயுள் குறைவு. நீலப்பூச்சு போட்டது வேண்டாம். வெள்ளையாகத் தெரிவதற்காக வெளிச்சத்தின் ஒரு பகுதியை வடிகட்டிவிடுகிறது. 100/90 வாட் போட்டால் பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டர் கறுக்கும், எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) எடுக்கும்போதும் சிக்கல் வரலாம்.

எல்.இ.டி. பல்பு? ஹாலஜன் டூமின் வளைவு, மெல்லிய இழை சரியாக ஓரிடத்தில் இருப்பதைக் கணக்கிட்டுச் செய்தது. எல்.இ.டி. சில்லு அந்த இடத்தில், அந்த அளவில் பெரும்பாலும் உட்காருவதில்லை. வண்டிக்கு முன்னால் பத்து மீட்டர் பளிச்சென்று இருக்கும். அதைப் பார்த்து ஓட்டுநர் மகிழ்ந்துபோவார். தூரம் தெரியாது, எதிர்வண்டிக்குக் கண் கூசும். எல்.இ.டி.தான் வேண்டுமென்றால் முத்திரை உள்ள முழு எல்.இ.டி. டூமையே மாட்டுங்கள்.

பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். பட்டுவிட்டால் ஸ்பிரிட்டால் துடைக்கவும். பல்பின் வளையத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் மூன்று காதும் பள்ளத்தில் உட்கார்ந்த பிறகுதான் கிளிப்பை மாட்டவேண்டும். ஒரு காது ஏறி நின்றாலும் வெளிச்சம் வானத்தைப் பார்க்கும்.

லைட்டைத் திருப்பி வைத்தல்

அரிசி ஆலைக் களமும் கிடங்குச் சுவரும் இதற்கு நல்ல இடம்; மழைநீர் வடிய விட்ட சரிவு இல்லாத பகுதியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். டயரில் சரியான காற்று, சீட்டில் ஓட்டுநர், சுவருக்கு 10 மீட்டர் தூரம். பல்பின் நடுவுயரத்தைத் தரையிலிருந்து அளந்து, சுவரில் அதே உயரத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். லைட் உயரம் 80 செ.மீ. வரை என்றால் அதற்குக் கீழே 10 செ.மீ.யில் இன்னொரு கோடு. ஒரு மீட்டருக்கு மேல் உயரமான லாரி என்றால் 15 முதல் 20 செ.மீ. கீழே. ஒரு பக்க லைட்டை அட்டையால் மறைத்து, மறுபக்கத்தை டிம்மில் எரியவிட்டு, வெளிச்சத்தின் தட்டையான வலதுபக்க விளிம்பு கீழ்க்கோட்டைத் தொடும்வரை ஸ்க்ரூவைத் திருப்புங்கள். மேலேறும் முனை அந்த லைட்டுக்கு நேர் எதிரே தொடங்க வேண்டும். சாக்கு, துணி போட்டு மூடாதீர்கள், சூட்டில் கருகிவிடும். டிம் சரியானால் பிரைட் தானாகச் சரியாகிவிடும்.

எந்த லோடில் இதைச் செய்வது என்பதுதான் பெரிய கேள்வி. ஆத்தங்குடிக் கல் ஏற்றிய குட்டி யானையின் பின்பக்கம் முன்பக்கத்தைவிட 5 செ.மீ. கூடுதலாக இறங்கியது என்று வையுங்கள். முன்-பின் சக்கர இடைவெளி 2.5 மீட்டர் என்றால் 10 மீட்டரில் வெளிச்சம் 20 செ.மீ. மேலே போய்விடும். காலி வண்டியில் 10 செ.மீ. தாழ்த்தி வைத்தது, இப்போது 10 செ.மீ. உயர்ந்து எதிரே வருகிறவன் முகத்தில் நிற்கும். எனவே வழக்கமாக ஓட்டும் லோடோடு வைத்துத் திருப்புங்கள். டாஷ்போர்டில் 0 முதல் 3 வரை எண் போட்ட திருகு இருந்தால், காலி வண்டியில் 0-இல் வைத்து லைட்டைச் சரிசெய்துவிட்டு, லோடு ஏற்றியபின் எண்ணைக் கூட்டினால் போதும்.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 106-ஆம் விதியும் இதைத்தான் கேட்கிறது: 8 மீட்டர் தள்ளி, வண்டியின் வலதுபக்கம் அரை மீட்டரில், 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கிற கண்ணை வெளிச்சம் கூசவைக்கக் கூடாது. இரண்டு பேர் இருந்தால் ஒரு நிமிடத்தில் சோதித்துவிடலாம்.

டிம், பிரைட் இரண்டுக்கும் ஒரே மாதிரி ரிலேயும் ஒரே அளவு ஃப்யூஸும் போட்டிருப்பதில் ஒரு வசதி உண்டு. நடுராத்திரியில் டிம் மட்டும் அணைந்தால், பிரைட் ரிலேயைப் பிடுங்கி டிம் சாக்கெட்டில் செருகுங்கள். அப்படியும் எரியவில்லை என்றால் ஃப்யூஸையும் மாற்றிப் பாருங்கள். எந்த சாக்கெட் எதற்கு என்று மூடியில் பெயிண்டால் எழுதிவைத்திருந்தால் இருட்டில் தேட வேண்டியிருக்காது.