கார் எஞ்சின் ‘கீச்ச்ச்’ என்று கத்துகிறதா? என்னைப் போல இரண்டு பெல்ட் வாங்காதீர்கள்

போன ஐப்பசி மழையில் ஆரம்பித்தது. காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்தால் கீச்ச்ச் என்று ஒரு சத்தம், எதிர்வீட்டுத் தாத்தா செய்தித்தாளை இறக்கிவிட்டு என்னையே பார்ப்பார், இரண்டு நிமிடத்தில் தானாக அடங்கிவிடும். தெருமுனை மெக்கானிக் பானெட்டைக்கூடத் திறக்காமல் “ஃபேன் பெல்ட் சார், மாத்திடலாம்” என்றார். மாற்றினேன், பத்தே நாளில் திரும்ப வந்தது. இன்னும் விலை கூடின பெல்ட் ஒன்று போட்டேன், அதுவும் இரண்டு வாரம்தான். கத்தியது பெல்ட்தான், ஆனால் தப்பு அதன் மேல் இல்லை என்று புரிய எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

என்னுடையது பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக். ஒரே நீள பெல்ட்தான் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், ஏசி கம்ப்ரசர் மூன்றையும் சுற்றுகிறது. உங்கள் வண்டியில் இரண்டு பெல்ட் இருக்கலாம், முறை ஒன்றுதான்.

முதலில் ஒன்று. வேட்டி, துப்பட்டா, கழுத்துச் செயின், தொங்கும் ஐடி கார்டு எதுவும் வேண்டாம். கையுறையும் வேண்டாம், சுற்றும் பெல்ட் அதைப் பிடித்தால் விரலோடு இழுத்துவிடும். ரேடியேட்டர் ஃபேன் சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் திடீரென்று சுற்றும்.

1. சத்தம் எப்போது வருகிறது?

ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து, எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்யுங்கள். நிற்கும்போது வராமல் வண்டி ஓடும்போது மட்டும் வந்தால் பிரேக்கையும் வீல் பேரிங்கையும் பாருங்கள், அது வேறு கதை.

ஸ்டார்ட் செய்ததும் பேட்டரி இழந்ததை ஆல்டர்னேட்டர் திரும்ப நிரப்ப வேண்டும், அதனால் பெல்ட்டுக்கு அப்போது சுமை அதிகம், கூடவே இரவு ஈரம். காலைச் சத்தத்துக்கு இதுதான் காரணம். ஹெட்லைட், ஏசி, பின்கண்ணாடி டீஃபாகர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள், சத்தம் கூடினால் பெல்ட் வழுக்குகிறது. பவர் ஸ்டீயரிங் பம்ப்பையும் பெல்ட்டே ஓட்டும் பழைய வண்டி என்றால் ஸ்டீயரிங்கை ஒரு ஓரம் வரை திருப்பியும் பாருங்கள்.

இன்னொரு நுணுக்கம்: ஏசி அணைந்திருக்கும்போது கத்தி, ஏசி போட்டதும் நின்றுவிட்டால் கம்ப்ரசர் புல்லியின் (பெல்ட் சுற்றி ஓடும் சக்கரம்) பேரிங்கைச் சந்தேகிக்கலாம். ஏசி ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்த பேரிங் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், ஆனால் ஏசி போட்டதும் அதன் மேல் விழும் சுமை மாறுவதால் சத்தமும் மாறலாம்.

2. தண்ணீர் சோதனை

இஸ்திரி போடும்போது துணிக்குத் தெளிக்கும் பாட்டில் போதும். எஞ்சின் ஐட்லிங்கில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல்) ஓடும்போது, தள்ளி நின்று, பெல்ட்டின் வரி உள்ள பக்கம் லேசாகத் தெளியுங்கள். சத்தம் கூடினால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. சில நொடி அடங்கித் திரும்ப வந்தால் ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டில் இல்லை. எந்த மாற்றமும் இல்லையென்றால் பெரும்பாலும் பேரிங்.

நான் சறுக்கிய முதல் இடம் இது. தண்ணீர் பட்டதும் சத்தம் நின்றதா, “பெல்ட்தான்” என்று முடிவு கட்டிவிட்டேன், அடுத்த சில நொடியில் திரும்ப வந்ததைக் கணக்கில் எடுக்கவே இல்லை. புல்லி சாய்ந்திருந்தாலும் புது ரப்பர் கொஞ்ச நாள் சமாளிக்கும், அதனால்தான் ஒவ்வொரு புது பெல்ட்டும் என்னை ஏமாற்றியது.

பெல்ட் டிரெஸ்ஸிங் ஸ்ப்ரே, டபிள்யூடி-40, சோப்புக்கட்டி எதையும் பெல்ட்டில் தடவாதீர்கள். சத்தத்தை மறைக்கும், தூசியைச் சேர்க்கும். ஸ்ப்ரே அடித்த பிறகு தண்ணீர் சோதனையையும் நம்ப முடியாது.

3. காது கொடுத்துக் கேட்பது

மெக்கானிக் ஸ்டெதஸ்கோப் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, வாங்கிவிடுங்கள். நீள ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதுக்குப் பின் எலும்பில் வைத்துக் கேட்பதும் நடக்கும், ஆனால் முகம் பெல்ட்டுக்கு அருகே போகிறது, எனக்கு அது பிடிக்காது. ஆல்டர்னேட்டர் உடல், வாட்டர் பம்ப் உடல், டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிப்பது), ஐட்லர் (பெல்ட்டுக்கு வழிகாட்ட மட்டும் சுற்றும் புல்லி) என்று ஒவ்வொன்றாக, அசையாத பாகத்தில் மட்டும் முனையை வையுங்கள். நல்ல பேரிங் ஊமென்று ஒரே சீராக இருக்கும், கெட்டது மணலை அரைப்பது போலக் கேட்கும்.

4. பெல்ட்டைக் கழற்றி, கையால் சுற்றுவது

கழற்றும் முன் பெல்ட் ஓடும் பாதையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்கவில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுவதும் போனது.

பெல்ட்டில் விரிசல் இல்லை என்பதால் நல்லது என்று நினைக்க வேண்டாம். இப்போதைய பெல்ட்டுகள் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர், அவ்வளவு எளிதில் வெடிக்காது, உள்ளே வரிகள்தான் தேயும். எண்ணெயோ கூலன்ட்டோ பட்ட கறை இருந்தால் கசிவை அடைத்துவிட்டுத்தான் புது பெல்ட் போட வேண்டும்.

இப்போது ஒவ்வொரு புல்லியாக விரலால் சுண்டிவிடுங்கள். இங்கேதான் இரண்டாவது சறுக்கல். என் ஐட்லர் புல்லி பம்பரம் போல நிற்காமல் சுற்றியது, அடடா நல்ல பேரிங் என்று அடுத்ததற்குப் போய்விட்டேன். உண்மையில் அது தலைகீழ். உள்ளே கிரீஸ் இருக்கும் பேரிங் கொஞ்சம் கனமாக, சத்தமில்லாமல் சுற்றி சீக்கிரம் நிற்கும். கிரீஸ் காய்ந்ததுதான் சைக்கிள் வீல் மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். அதே புல்லியின் விளிம்பை இரு விரலால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டியபோது லேசாக ‘டிக்’ என்றது, ஒரு ஸ்டீல் ஸ்கேலை பக்கத்துப் புல்லியோடு சேர்த்து வைத்தபோது ஒரு பக்கம் சின்ன இடைவெளி தெரிந்தது. திருடன் அகப்பட்டான்.

புல்லியைக் கழற்றினால் பேரிங்கின் ஓரத்தில் 6203 என்று பொறித்திருந்தது, அதாவது உள்விட்டம் 17 மி.மீ., வெளிவிட்டம் 40, அகலம் 12. சென்னையில் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜிபி ரோட்டில் எண்ணைச் சொன்னதும் எடுத்துக் கொடுத்தார்கள். இருபுறமும் ரப்பர் மூடி உள்ள 2ஆர்எஸ் வகையாகக் கேளுங்கள், நம் மழைக்குத் தகர மூடி சரிப்படாது. பேரிங்கை லேத் பட்டறையில் பிரஸ் வைத்து ஏற்றச் சொல்லுங்கள், சுத்தியலால் அடித்தால் அதையும் கெடுத்துவிடுவீர்கள்.

பெல்ட்டின் இறுக்கத்தைக் கையால் வைக்கும் வண்டி என்றால், வண்டிக் கையேட்டில் சொன்ன அளவுக்கு மேல் இறுக்காதீர்கள். இறுக்கினால் சத்தம் போகும், ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் பேரிங்குகளும் சேர்ந்து போகும்.

மூன்றாம் நாள் தாத்தா கேட்டார், “என்னப்பா, வண்டியை வித்துட்டியா?”

பின்சேர்க்கை: “பெல்ட்டைக் கழற்றி ஓட்டிப் பார்த்தேன், அப்போதும் கத்துகிறது” என்று ஒருவர் எழுதியிருந்தார். நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓட்டிப் பார்ப்பது சரி, ஆனால் அரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம், வாட்டர் பம்ப் நின்றிருக்கும், பேட்டரி விளக்கும் எரியும். அப்படியும் கத்தினால், ஐட்லிங்கில் ஆயில் ஊற்றும் மூடியை மெதுவாகத் திறந்து பாருங்கள். உடனே சத்தம் நின்றால் அது பெல்ட் பக்கமே இல்லை, பிசிவி வால்வு (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே இழுக்கும் வால்வு) கெட்டு உள்ளே உறிஞ்சல் அதிகமாகி ஏதோ ஒரு சீல் வழியாகக் காற்று விசிலடிக்கிறது. அவருக்கு அதுவேதான், வால்வை மாற்றியதும் நின்றுவிட்டது.